ரோசாவின் கால்சட்டையும் தொமெரியின் கத்தரிக்கோலும்

மூன்று வருடங்களுக்கு முன் மகளிர் தினத்துக்காக எங்கள் கல்லூரியில் ஒரு சுவரொட்டி ஒட்டினோம். யோசனை என்னுடையதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனரின் படம். குட்டை முடி, கையில் தூரிகை. பக்கத்தில், கால்சட்டை அணிய அவருக்குக் காவல்துறை கொடுத்த அனுமதிச் சீட்டின் நகல். கீழே நான் எழுதிய வாசகம்: 'அனுமதி கேட்டாள், உலகை வென்றாள்.' இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆனால் அன்று அது எல்லோருக்கும் பிடித்திருந்தது. முதல்வர்கூட நின்று படித்துவிட்டுப் போனார்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். கம்பம் பக்கத்துக் கிராமம். அம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. நான் வகுப்பில் ரோசா வாழ்ந்த ஊர் ஒரு திராட்சை ஊர் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள். "மேம், அந்த ஊருல இவங்க படம் வரைஞ்சாங்க, சரி. திராட்சை வேலை பாத்த பொம்பளைக என்னா உடுத்தியிருந்தாக? அவுகளுக்கும் அனுமதிச் சீட்டு இருந்துச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. பெண்ணியம் பேசியே பதினைந்து வருடம் ஓட்டியவள் நான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகத் தேடிய பதில். பாதி எனக்கு நானே போட்டுக்கொள்ளும் சண்டை.

பிறகு ஒரு ஆய்வு வேலையாக இரண்டு மாதம் பாரிஸில் தங்க வேண்டி வந்தபோது முதல் வாரமே அந்த ஊருக்குப் போனேன். தொமெரி. பாரிஸின் லியோன் ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஃபொந்தேன்புளோ காட்டுக்கும் செய்ன் ஆற்றுக்கும் நடுவில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன ஊர். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது வீடல்ல, சுவர். தெருவின் இரண்டு பக்கமும் சுவர். சந்து திரும்பினால் சுவர். ஒரு தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் நாலு சுவர், ஒன்றுக்கொன்று இணையாக, ஓட்டுத் தொப்பி போட்டுக்கொண்டு. இவை வேலிச் சுவர்கள் அல்ல. திராட்சை படர்வதற்கென்றே கட்டியவை.

கம்பத்தில் நாம் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டுக் கொடியை வெயிலிலிருந்து கொஞ்சம் காக்கிறோம். அங்கே தலைகீழ். வெயில் பற்றாது. வடக்கே அவ்வளவு தூரத்தில் சாப்பாட்டுத் திராட்சை பழுக்க வேண்டுமென்றால் வெயிலைப் பிடித்து வைக்க வேண்டும். பகலில் சுவர் சூடேறும், இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓடு மழையைத் தள்ளிவிடும். ஃபொந்தேன்புளோ அரண்மனைத் தோட்டத்தில் அரசரின் சாப்பாட்டு மேசைக்காக இப்படி ஒரு நீளச் சுவரில் திராட்சை வளர்த்துவந்தார்கள். 1730-ல் பிரான்சுவா ஷார்மூ என்பவர் அந்த முறையைத் தொமெரிக்குக் கொண்டுவந்து தன் நிலத்தில் சுவர் எழுப்பினார். அவரைப் பார்த்து ஊரே சுவர் கட்டியது. எல்லாச் சுவரையும் சேர்த்தால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும் என்கிறார்கள். அந்தத் தெருக்களில் நடந்தபின் நம்பாமல் இருக்க முடியாது.

பழத்தின் பெயர் ஷாஸ்லா. மெல்லிய தோல், பொன்னிறம். மதுவுக்கு அல்ல, தட்டில் வைத்துச் சாப்பிட. ஃபொந்தேன்புளோ காட்டிலிருந்து பெரணி இலை கொண்டுவந்து கூடையில் பரப்பி, அதன்மேல் கொத்துகளை அடுக்கி, முதலில் படகிலும் பிறகு ரயிலிலும் பாரிஸுக்கு அனுப்பினார்கள்.

தொமெரியின் உண்மையான ஆச்சரியம் பழம் பறித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஊர்க்காரர்கள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். கொத்தை மட்டும் வெட்டாமல், கொடியின் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டுவது. அந்தத் துண்டின் அடிமுனையைத் தண்ணீர் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் செருகுவது. தண்ணீர் கெடாமலிருக்க அதில் கொஞ்சம் கரி. இப்படி ஆயிரக்கணக்கான குப்பிகளை, வெளிச்சம் புகாத, வெப்பநிலை ஏறி இறங்காத அறைகளில் வரிசை வரிசையாக மரச்சட்டங்களில் மாட்டி வைப்பது. அக்டோபரில் வெட்டிய பழம் குளிர்காலம் முழுக்கக் காம்பு பச்சையாகவே இருக்கும். வெளியே பனி கொட்டும்போது பாரிஸின் பணக்கார வீட்டு மேசையில் அன்று பறித்தது போன்ற திராட்சை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. விலை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தையைப் பற்றித் தேடும்போது 1863-ல் வெளிவந்த ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. 'தொமெரியில் ஷாஸ்லா சாகுபடி' என்று பொருள்படும் தலைப்பு. எழுதியவர் பெயர் ரோஸ் ஷார்மூ. ரோஸ்! துள்ளிக் குதித்தேன். ஒரு பெண் விவசாயி, தொழில்நுட்பம் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறாள், அடுத்த மார்ச் 8-க்குச் சுவரொட்டி தயார் என்று மனது கணக்குப் போட்டுவிட்டது. இரண்டு பக்கம் தள்ளிப் போனதும் தெரிந்தது. 'திருவாளர்' ரோஸ் ஷார்மூ. ஆண். ரோஜாப்பூவின் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சரி, பெண்கள் எங்கே?

பெண்கள் கத்தரிக்கோலோடு இருந்தார்கள். சுவரில் படர்ந்த கொடியில் காய் பட்டாணி அளவு வந்ததும் ஒவ்வொரு கொத்தாகப் பிடித்து, நுனி மெலிந்த கத்தரிக்கோலால் உள்ளே இருக்கும் பொடிக் காய்களையும் நெருக்கமாக இருக்கும் காய்களையும் வெட்டி எடுக்க வேண்டும். மிச்சக் காய்களுக்குக் காற்றும் இடமும் கிடைக்கும், பெரிதாகும், அழுகாது. பிரெஞ்சில் இதற்கு சிஸ்லாஜ் என்று பெயர். கத்தரி என்ற சொல்லிலிருந்து வந்தது. செய்கிற பெண் சிஸ்லேஸ். ஒரு காயில் கத்தரி முனை பட்டால் அது கறுத்துவிடும். விரல் பட்டால் பழத்தின் மேல் இருக்கும் வெண்பூச்சு அழிந்து விலை குறையும். ஏணியில் நின்றும் குனிந்தும், ஒரு கொத்து முடிந்து அடுத்த கொத்து, ஒரு சுவர் முடிந்து அடுத்த சுவர். குளிர்காலத்தில் இருட்டறை: விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குப்பியாகப் பார்ப்பது, அழுகிய பழத்தை நறுக்கி எடுப்பது. ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

அதாவது சுவர் ஆணுடையது, கொத்து பெண்ணுடையது. சுவர் நின்றுவிட்டது, இன்றும் போய்ப் பார்க்கலாம். வெட்டி எடுத்த காயைப் போய்ப் பார்க்க முடியாது. வேலையின் வெற்றியே வேலை நடந்த தடம் தெரியாமல் இருப்பதுதான். வீட்டு வேலையைப் பற்றி நாம் சொல்வதும் இதைத்தானே.

இந்தப் பெண்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில். அந்த ஊரிலும் கேட்டேன், திரும்பி வந்து எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் கேட்டேன். "பெண்களுக்கு விரல் மெலிசு, பொறுமை அதிகம், அதனால் இந்த வேலை அவர்களுக்கு வரும்." பாராட்டு மாதிரி இருக்கும். இதைவிட விலை உயர்ந்த பொய்யை முதலாளிகள் கண்டுபிடித்ததில்லை. 1981-ல் டயேன் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகச் சந்தைக்காக இயங்கும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் தோலை உரித்திருக்கிறார்கள். 'சுறுசுறுப்பான விரல்' பிறப்பில் வருவதல்ல, சின்ன வயதிலிருந்து தையலும் வீட்டு வேலையும் செய்து பழகிய பயிற்சி. ஆனால் அந்தப் பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் யாரும் அதைப் பயிற்சி என்று எண்ணுவதில்லை. இயற்கை கொடுத்தது என்கிறார்கள். இயற்கை கொடுத்ததற்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஆண் கொடியைக் கவாத்து செய்தால் தொழில். பெண் கொத்தைக் கவாத்து செய்தால் சுபாவம்.

அந்தக் கூலிக்கும் ஒரு பூட்டு இருந்தது. நெப்போலியனின் 1804-ஆம் வருடச் சிவில் சட்டம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியே வைத்தது. திருமணமான பெண் தான் உழைத்துச் சம்பாதித்த கூலியைத் தன் விருப்பப்படி செலவழிக்கும் உரிமை பிரான்சில் 1907-ல்தான் வந்தது. கணவன் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் 1965 வரை காத்திருந்தார்கள். கூலிக்குப் போனவளின் கதை இது. சொந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த விவசாயியின் மனைவிக்கோ கூலி என்ற பேச்சே கிடையாது. அவள் பகல் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்தாலும் அரசாங்கத் தாளில் 'தொழில் இல்லை'. விவசாயக் குடும்பப் பெண்ணைக் கூட்டு விவசாயி என்று பிரெஞ்சுச் சட்டம் ஒரு வார்த்தையில் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தது 1980-ல். அதற்குள் தொமெரியின் சுவர்களில் திராட்சையே அநேகமாகப் போய்விட்டது. பெயர் வந்தபோது வேலை இல்லை, வேலை இருந்தபோது பெயர் இல்லை.

இப்போது ரோசாவிடம் வருகிறேன். அவரைத் தாழ்த்திவிட்டு இந்தப் பெண்களை உயர்த்த எனக்கு எண்ணமில்லை. அது மலிவான வேலை. ரோசா பெரிய ஓவியர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 'குதிரைச் சந்தை' ஐந்து மீட்டர் அகலம். 1853-ல் அதைக் காட்சிக்கு வைத்தபோது ஒரு பெண் வரைந்தது என்று நம்ப மறுத்தவர்கள் உண்டு. அந்தப் படத்துக்காக ஒன்றரை வருடம் பாரிஸின் குதிரைச் சந்தைக்கு ஆண் உடையில் போய் நின்று வரைந்து பழகினார். பாவாடை கட்டிக்கொண்டு போனால் தரகர்களின் கையும் வாயும் சும்மா இருக்காது.

நாம் ரோசாவைக் கொண்டாடும் விதத்தில்தான் எனக்குத் தகராறு.

முதலில் அந்த அனுமதிச் சீட்டை ஒழுங்காகப் படிப்போம். 1800-ல் பாரிஸ் காவல்துறை போட்ட உத்தரவு: ஆணைப் போல உடுத்த விரும்பும் பெண் காவல் தலைமையகத்துக்கு வந்து மருத்துவர் சான்றிதழ் காட்டி அனுமதி பெற வேண்டும். ரோசாவுக்கு 1857 மே 12-ல் கொடுத்த சீட்டில் காரணம் 'உடல்நலம்' என்று இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லும். அந்த உடையில் நாடகம், நடனம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்கும் போகக் கூடாது என்று நிபந்தனை. சுவரொட்டி அடிக்கும்போது இந்த நிபந்தனையை நான் பார்த்தேன். பார்த்தும் பொருட்படுத்தவில்லை. இது விடுதலைப் பத்திரம் அல்ல. ஒருத்திக்கு அனுமதி என்றால் மற்ற எல்லோருக்கும் தடை என்றுதான் அர்த்தம். பின்னாளில் 1892-லும் 1909-லும் சுற்றறிக்கை விட்டுக் கொஞ்சம் தளர்த்தினார்கள்: கையில் சைக்கிள் கைப்பிடியோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் பரவாயில்லையாம். அந்த 1800-ஆம் வருட உத்தரவு இனிச் செல்லாது என்று பிரெஞ்சுப் பெண்கள் உரிமை அமைச்சர் சொன்னது 2013-ல். எழுத்துப் பிழை இல்லை, 2013.

ஆக, நான் அச்சடித்து ஒட்டியது காவல்துறையின் ஆவணத்தை. காவல்துறையோடு சேர்ந்து நானும் ஒரு விதிவிலக்கைப் பொறுக்கி எடுத்து, மற்றவர்களை வரிசையில் நிற்க வைத்தேன்.

ஒட்டியிருக்க வேண்டியது வேறொரு தாள். 1859-ல் ரோசா தன் ஓவியங்கள் விற்ற பணத்தில் தொமெரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் பழைய மாளிகை ஒன்றை வாங்கினார். (ஊரின் பெயர் 'பி'. நெடிலாக உச்சரித்தால் தமிழில் வேறு அர்த்தமாகிவிடும், குறிலாகவே வைத்துக்கொள்கிறேன்.) அந்தக் கிரயப் பத்திரம்தான் உண்மையான செய்தி. அவரால் தன் பெயரில் வீடு வாங்க முடிந்ததற்குக் காரணம் கால்சட்டை இல்லை, கல்யாணம் ஆகாததுதான். அதே சிவில் சட்டம் வயது வந்த, மணமாகாத பெண்ணின் சொத்தில் கை வைக்கவில்லை. மனைவியானால் கை கட்டப்படும். பக்கத்துத் தெருவில் திராட்சை வெட்டிய மனைவிக்கும் மாளிகையில் சிங்கம் வளர்த்த ரோசாவுக்கும் (ஆமாம், சிங்கம் வளர்த்தார்) நடுவில் இருந்தது திறமையின் இடைவெளி மட்டும் அல்ல. சட்டத்தில் ஒருத்தி ஆள், இன்னொருத்தி ஆளின் மனைவி.

ரோசாவுக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அவருடைய அப்பா ரேமோன் ஓவிய ஆசிரியர். சேன் சிமோன் வழி வந்த சோஷலிசக் குழுவில் சேர்ந்தவர். பெண்ணும் ஆணும் சமம் என்று பேசிய, உலகை மீட்க ஒரு பெண் மீட்பர் வருவாள் என்று காத்திருந்த குழு அது. மீட்பரைத் தேடி அவர் குழுவோடு தங்கப் போய்விட, வீட்டில் அம்மா சோஃபி பியானோ சொல்லிக் கொடுத்தும் இரவெல்லாம் தைத்தும் நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். 1833-ல் செத்துப் போனார். ரோசாவுக்கு 11 வயது. தனிக் கல்லறைக்குப் பணமில்லாமல் ஏழைகளின் பொதுக்குழியில் புதைத்தார்கள். புரட்சி பேசும் ஆண்கள் கூட்டத்துக்குப் போனபோது வீட்டில் அடுப்பைக் காத்த பெண்களை நமக்கும் நன்றாகத் தெரியும். இந்த அம்மாவின் படத்தை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

பி மாளிகையிலும் அடுப்பு இருந்தது. ரோசாவோடு நாற்பது வருடத்துக்கு மேல் உறவாக இருந்தவர் நத்தாலி மிக்காஸ். அவரும் ஓவியம் தெரிந்தவர். ரயிலுக்கு ஒரு பிரேக் கண்டுபிடித்துத் தோட்டத்திலேயே சோதித்துப் பார்த்தவர். ஆனால் வீட்டை நடத்தியது, விலங்குகளைக் கவனித்தது, கணக்குப் பார்த்தது எல்லாம் நத்தாலியும் அவருடைய அம்மாவும். ரோசா தினமும் காலையில் எழுந்து நேராக ஓவியக் கூடத்துக்குப் போக முடிந்தது அதனால்தான். நத்தாலி 1889-ல் இறந்தார். அமெரிக்க ஓவியர் அன்னா க்ளும்ப்கே 1898-ல் ரோசாவின் படத்தை வரைய வந்து அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த வருடம் ரோசா இறந்தபோது எல்லாச் சொத்தையும் அன்னா பெயருக்கு எழுதி வைத்திருந்தார். குடும்பம் சண்டைக்கு வந்தது. 1900-ல் ஓவியங்களை ஏலம் விட்டுக் குடும்பத்துக்கும் பங்கு கொடுத்து அன்னா அந்தச் சண்டையை முடித்தார். பெர் லஷேஸ் கல்லறையில் ரோசா, நத்தாலி, அன்னா மூன்று பேரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். கணவன் இல்லாத ஒரு பெண் தன் சொத்தைத் தான் நேசித்த பெண்ணுக்குக் கொடுத்தாள் என்பது கால்சட்டையைவிட எவ்வளவு பெரிய கலகம்! ஆனால் அதை மாணவிகளிடம் சொல்ல நமக்குத் தயக்கம். கால்சட்டை பத்திரமானது. ஜீன்ஸ் போட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கால்சட்டையைக் கொண்டாடுவதற்கு என்ன துணிச்சல் வேண்டியிருக்கிறது?

அவருக்குக் கிடைத்த விருதின் கதையும் இதே மாதிரிதான். 1865-ல் லெஜியோன் தொனர் விருது பெற்ற முதல் பெண் ஓவியர் ரோசா. அரசி யூஜெனி நேரில் பி மாளிகைக்கு வந்து குத்திவிட்டார். எப்படி முடிந்தது? பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அப்போது அல்ஜீரியாவுக்குப் போயிருந்தார், ஆட்சிப் பொறுப்பு தற்காலிகமாக அரசியின் கையில். கணவன் ஊரில் இல்லாத நேரத்தில் மனைவி போட்ட கையெழுத்து. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அரசியே கணவன் வெளியூர் போகும்வரை காத்திருந்த நாட்டில் கூலிக்காரி எதற்காகக் காத்திருந்திருப்பாள்?

ரோசா இறந்தபின் 1901-ல் ஃபொந்தேன்புளோவில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். என்ன சிலை தெரியுமா? வெண்கலத்தில் ஒரு காளை. பீடத்தில் சின்னதாக ரோசாவின் முகம். அவருடைய ஓவியத்துக்கு மரியாதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பெண்ணை நினைக்க நடுச்சதுக்கத்தில் காளையை நிறுத்தியவர்களின் மனதை நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அதை உருக்கிவிட்டார்கள்.

தொமெரியின் திராட்சை ஏன் போனது என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, தெற்கிலிருந்து ரயிலில் மலிவான பழம் வந்தது. இரண்டு, முதல் உலகப் போருக்குப் பிறகு 'ஆள் கிடைக்கவில்லை'. முதல் காரணத்தில் எனக்குச் சண்டையில்லை. இரண்டாவதைக் கேட்டால் கோபம் வருகிறது. 1914 ஆகஸ்டில் ஆண்கள் போருக்குப் போனதும் பிரதமர் ரெனே விவியானி பிரெஞ்சுக் கிராமத்துப் பெண்களுக்கு அறிக்கை விட்டார்: அறுவடையை முடியுங்கள், அடுத்த வருடத்துக்கு நிலத்தைத் தயார் செய்யுங்கள். செய்தார்கள், நாலு வருடம். உழுதார்கள், கவாத்து செய்தார்கள். மெல்லிய விரல் கலப்பையும் பிடிக்கும் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. நன்றிக்கடனாக 1919-ல் கீழவை பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது, 1922-ல் மேலவை அதைத் தூக்கி எறிந்தது. வாக்குச்சீட்டு கையில் வர 1945 ஆனது. இதற்குப் பிறகும் அந்தப் பெண்களின் மகள்கள் ஒரு காய் ஒரு காயாக அடுத்தவன் கொத்தை வெட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? 'ஆள் கிடைக்கவில்லை' என்றால் 'அந்தக் கூலிக்கு, அந்த இருட்டறைக்கு ஆள் கிடைக்கவில்லை' என்றுதான் நான் படிக்கிறேன். எங்கள் பக்கமும் தோட்டக்காரர்கள் நூறுநாள் வேலையைத் திட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

அந்தச் சுவர்கள் அழகாக இருக்கின்றன. சில தெருக்களில் கொடியும் விட்டு வைத்திருக்கிறார்கள். ரோசாவின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, அவருடைய மாளிகை இப்போது அருங்காட்சியகம். 2017-ல் ஒரு பெண் அதை வாங்கிப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார். அந்த ஓவியக் கூடத்தில் நின்றபோது எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் வெளியே வந்து சுவரோரமாக நடக்கும்போது மாணவியின் கேள்விக்கு என்னிடம் இருந்தது ஒரு கத்தரிக்கோலும் ஒரு குப்பியும் மட்டும். தொமெரியின் திராட்சைப் பெண்களை ரோசா வரைந்து நான் எங்கும் பார்த்ததில்லை. மாடு, குதிரை, ஆடு, மான், சிங்கம் எல்லாம் இருக்கிறது.

திரும்பி வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைத் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தப் பக்கம் திராட்சையைக் கொண்டுவந்தார் என்று அந்த வரலாற்றில் சொல்வார்கள். பாருங்கள், இங்கேயும் கொண்டுவந்தவர் உண்டு. அவளுடைய அம்மா வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். முந்தானையில் கறை. நாள் முழுக்கக் கொத்துகளில் உடைந்ததையும் அழுகியதையும் வெட்டி எடுத்துப் பெட்டியில் அடுக்கிய கை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது இன்னும் மாறவில்லை என்று சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னார்.

செல்போனில் பழைய படங்களைக் காட்டினேன். ரோசாவைப் பார்த்து, "இந்தம்மா யாரு, டீச்சரா?" என்றார். அடுத்து தொமெரியின் இருட்டறை. சுவர் முழுக்கக் குப்பிகள், ஒவ்வொரு குப்பியிலும் ஒரு கொத்து. போனைக் கையில் வாங்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கி வரிசையை எண்ணினார்.

"இம்புட்டுக்கும் தண்ணி யாரு டீச்சர் பாத்தா?" என்றார். "ராத்திரிலயுமா?"